கை எடுத்தால் நிற்கும் ஊர்

ஐப்பசி மூன்றாம் தேதி காலையில் எங்கள் சுனையூரில் கை எடுத்ததெல்லாம் நின்றுபோயிற்று. அடுப்பின் திருகை விட்டதும் தீ அணைந்தது, சுவிட்சிலிருந்து விரலை எடுத்ததும் விளக்கு அணைந்தது, பிடித்திருக்கும் வரை திறந்திருந்த கதவு விட்டதும் சாத்திக்கொண்டது, தொட்டிலில் கை பட்டிருக்கும் வரை தூங்கிய பிள்ளை கை விலகியதும் விழித்துக்கொண்டு வீரிட்டது. வேறு ஊராக இருந்தால் கோவிலுக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ தலைதெறிக்க ஓடியிருப்பார்கள். நாங்கள் ஓடவில்லை. எழுபது எழுபத்தைந்து வருஷமாகத் தண்ணீரை அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தோம். குழாயில் இருந்த சங்கதி வீட்டுக்குள் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு, ஆளுக்கொரு சுவிட்சைப் பிடித்துக்கொண்டு அன்றைய பாட்டைப் பார்த்தோம்.

ஓவர்சியர் வேதமாணிக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேலே போக முடியாது. நான் முனிசிபாலிட்டியில் தண்ணீர் திறந்துவிடும் ஆள், விடியும் முன் தொட்டிக்குப் போய் வால்வைத் திருகிவிட்டு வருவது என் வேலை, அந்த வகையில் அவர் எனக்கு மூத்தவர். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தத் தொட்டியை நின்று கட்டியவர் அவர். பேரில்தான் சுனையே தவிர எங்கள் ஊரில் அன்றும் தண்ணீர் கிடையாது. ஆறு மைல் தள்ளி மலையடியிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவந்த தண்ணீரை, திறந்த குழாயை மூடத் தெரியாத எங்கள் முன்னோர்கள் ஒரே வாரத்தில் சாக்கடைக்கு வார்த்துவிட்டார்கள். பார்த்து மனம் பொறுக்காத மனிதர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், கொஞ்ச நாள் கழித்து ஒரு பித்தளைக் குழாயோடு வெளியே வந்தார். அதன் அடியில் ஒரு தண்டு தொங்கும். தண்டை மேலே தூக்கிப் பிடித்தால் தண்ணீர் விழும், விட்டால் தண்டு தன் கனத்தில் இறங்கி அடைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அவர் கண்டுபிடிப்பு, ஆயுசுக்கும் வேறெதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய நோட்டு இன்னமும் ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. படமும் அளவுமாக நிறைந்த அந்த நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்: கை எடுத்தால் நிற்க வேண்டும்.

அந்த ஒரு வரி எங்களை என்ன பாடு படுத்தியது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. குடம் நிறையும் வரை குழாயை விட்டு நகர முடியாது, நகர முடியாதவர்கள் பேசத்தானே வேண்டும், அதனால் எங்கள் ஊர்ச் சம்பந்தம் எல்லாம் குழாயடியில் முடிவானது, சண்டையும் அங்கேயே வந்தது, சண்டை போட்டவர்களும் குடம் நிறையும் வரை பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்ததால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்தும் போனது. தண்டைத் தூக்கித் தூக்கி எங்கள் பெண்களின் வலதுகைப் பெருவிரல் அடியில் ஒரு காய்ப்பு இருக்கும். அதற்கு ஓவர்சியர் தழும்பு என்று பேர். பெண் கேட்டுப் போகிறவர்கள் முகத்தைப் பார்த்த கையோடு அதையும் பார்ப்பார்கள், தழும்பு இருந்தால் வேலைக்கு அஞ்சாத பெண் என்று அர்த்தம். என் வீட்டுக்காரிக்கு அது இரண்டு கையிலும் இருந்தது, நான் ஏமாந்துபோனேன்.

எந்தக் கண்டுபிடிப்புக்கும் ஒரு திருட்டு வழி உண்டு. எங்கள் ஊர் கண்ட வழி சைக்கிள் டியூப். டியூபில் ஒரு முழம் வெட்டி, தண்டைத் தூக்கிக் குழாயோடு சுற்றி, நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் கை வைக்காமலே தண்ணீர் விழும். ஓவர்சியர் உயிரோடு இருந்த காலமெல்லாம் உச்சி வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் அந்தக் கட்டுகளை அவிழ்ப்பார். யாரையும் திட்டமாட்டார். அவிழ்த்த கல்லையெல்லாம் குழாயடியில் பெரியது கீழே, சிறியது மேலே என்று அடுக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார். அவர் இறந்து கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்த மறுநாள் மத்தியானம், துஷ்டிக்கு வந்த கூட்டம் குளிக்க வேண்டுமே என்று குழாய்களில் கட்டி வைத்திருந்த கல்லையெல்லாம் யாரோ அவிழ்த்து அடுக்கியிருந்தார்கள், பெரியது கீழே, சிறியது மேலே. அன்று முதல் இன்று வரை அது நிற்கவில்லை. ஒருவரும் அவரைக் கண்ணால் கண்டதில்லை. கட்டுகிற பெண்கள் மட்டும் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு கட்டுவார்கள், ஒரு வெட்கம்தான்.

அந்த மனிதருடைய வரி குழாயை விட்டு இறங்கி ஊருக்குள் நடந்துவந்தால் நாங்கள் என்ன செய்ய முடியும்? முதல் இரண்டு நாள் சுவிட்சுகளிலும் அடுப்புத் திருகிலும் டியூபைக் கட்டிப் பார்த்தோம். மத்தியானம் ஆனதும் சுவிட்சுப் பலகைக்குக் கீழே, அடுப்பு மேடையில், தொட்டிலுக்கு அடியில் கல் அடுக்கி இருந்தது. சரி, ஐயா வந்துவிட்டார், இனி ஏமாற்ற வழியில்லை என்று முறை போட்டுக்கொண்டோம். ஒருத்தர் விளக்கைப் பிடித்திருக்க மற்றவர்கள் சாப்பிடுவார்கள், பிறகு மாறிக்கொள்வார்கள். பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அண்ணன் தம்பிகள் ஒருத்தன் கதவைப் பிடிக்க ஒருத்தன் மூட்டை சுமந்தார்கள். கோவிலில் அர்ச்சகர் ஒரு கையால் விளக்கைத் தொட்டுக்கொண்டு மறுகையால் மணியடித்தார். செல்போன் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அவர்கள் விரலை எடுத்தால்தானே! மெட்ராஸிலிருந்து பெட்டியும் கருவியுமாக இரண்டு பேர் வந்து மூன்று நாள் தங்கிச் சோதித்தார்கள். சாப்பாட்டுக் கடையில் அவர்கள் சாப்பிடும் வரை மின்விசிறியைப் பிடித்து நின்ற ஆளுக்கு நன்றி சொல்லிவிட்டு, எழுத்தில் ஒன்றும் தராமல் பஸ் ஏறிப் போனார்கள். மார்கழி பிறந்ததும் அது வந்தமாதிரியே போய்விட்டது. இடைப்பட்ட நாளில் எல்லாவற்றுக்கும் பழகினோம், ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று சங்கரபாண்டி.

பஜாரில் சைக்கிள் கடை வைத்திருந்தவன். ஊர் முழுக்கக் குழாயில் கட்டிய டியூபெல்லாம் அவன் கடையிலிருந்து போனதுதான். பழைய டியூபை முழம் முழமாக வெட்டி வாசலில் ஆணியில் தொங்கவிட்டிருப்பான், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். "ஓவர்சியருக்கு ஒரு வேலை வேணும்லா அண்ணாச்சி, சும்மா இருந்தா மனுசனுக்குப் பொழுது போவுமா?" என்று சிரிப்பான். அவன் பெண்டாட்டி முத்துப்பேச்சி பீடி சுற்றுகிறவள். பிள்ளை இல்லை. பேச்சி பொல்லாத பயந்தாங்கொள்ளி. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், தனியாக வீட்டில் இருக்கப் பயம். கடையை அடைத்து அவன் வருகிற வரைக்கும் பக்கத்து வீட்டு அன்னபுஷ்பத்தின் வாசலில்தான் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவனுக்கு நுரையீரல் கெட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லி ஐப்பசி இரண்டாம் தேதி கொண்டுவந்து போட்டார்கள். சொந்தக்காரர்களுக்குத் தந்தி மாதிரி போன் போய்விட்டது. இரண்டு நாள் தாங்கினால் அதிகம் என்று எல்லாரும் நினைத்தோம்.

மூன்றாம் தேதி காலையில் அவன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த பேச்சி காப்பி போட எழுந்தாள். மூச்சு நின்றது. ஐயோ என்று கையைப் பிடித்தாள். மூச்சு வந்தது. நம்பாமல் மறுபடி விட்டுப் பார்த்தாள், நின்றது, பிடித்தாள், வந்தது. மூன்றாவது தடவை விட்டுப்பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. நான் போனபோது கட்டிலோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கைய எடுத்தா மூச்சு நின்னுருது அண்ணாச்சி. வச்சா வருது. நான் இனி எந்திரிக்கவே மாட்டேன்."

ஊரே விளக்கையும் கதவையும் பிடித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் அவள் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பயமாகத்தான் இருந்தது. விளக்கு அணைந்தால் மறுபடி ஏற்றலாம்.

இரண்டு நாள் அவள் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது நாள் அவன் தம்பி இசக்கிராஜ், அவனும் சுனையூர்க்காரன்தானே, எங்கள் ஊர்ப் புத்தி வேறெங்கே போகும், ஒரு காரியம் செய்தான். "மதினி, நீங்க போயி ரெண்டு வாய் கஞ்சி குடிச்சிட்டு வாங்க. நான் ஒரு ஏற்பாடு பண்ணிருக்கேன்" என்றான். கையுறை ஒன்றில் சூடான மணலை நிரப்பி, அதை அண்ணன் உள்ளங்கையில் வைத்து, டியூபால் சுற்றி, இறுக்கம் குறையாதிருக்கக் கட்டில் காலோரம் ஒரு கல்லையும் தொங்கவிட்டான். பேச்சி அடுப்படியில் இரண்டாவது வாயை விழுங்கவில்லை, இசக்கிராஜ் அலறினான். அவள் ஓடிவந்தபோது டியூப் அவிழ்ந்து தரையில் கிடந்தது. கல் வாசற்படியோரம் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது, அதன்மேல் மணல் கையுறை. அண்ணனின் முகம் நீலம் பாரித்திருந்தது. பேச்சி கையைப் பற்றியதும் ஒரு நீண்ட இழுப்போடு மூச்சு திரும்பியது. அவன் கண்ணைத் திறந்து தம்பியைப் பார்த்தான்.

"என் கடை டியூப எவம்ல எடுத்தது?"

அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டோம். அந்த மாசத்தில் அவன் பேசிய கடைசிப் பேச்சு அதுவாக இருக்கும் என்று அப்போது தெரியாது.

அதற்குப் பிறகுதான் குடங்கள் வந்தன. யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. குழாயடியில் ஆள் நிற்க வேண்டியதில்லை, குடம் நின்றால் போதும், குடம்தான் ஆள் என்பது எங்கள் ஊர் வழக்கம். முன்னே உள்ளவர் பிடித்து முடித்ததும் அடுத்த குடத்தைக் காலால் நகர்த்திக் குழாய்க்கு நேரே வைத்துவிட்டுப் போவார், குடத்துக்குச் சொந்தக்காரர் வந்து சேர்ந்துகொள்வார். ஆறாம் நாள் காலையில் சங்கரபாண்டி வீட்டு வாசலில் பச்சையும் சிவப்பும் நீலமுமாகப் பன்னிரண்டு பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக இருந்தன. ஒரு குடத்துக்கு ஒரு மணி நேரம். பஜார்க்காரர்கள், பீடிக் கம்பெனிப் பெண்கள், அவனிடம் பஞ்சர் ஒட்டிய வாத்தியார்கள், சர்ச் தெருக்காரர்கள், பள்ளிவாசல் தெருக்காரர்கள் எல்லாருடைய குடமும் இருந்தது. அவரவர் வீட்டு விளக்கைப் பிடிக்க ஆள் இல்லாமல் இருட்டில் கஞ்சி குடித்துவிட்டு அவன் கையைப் பிடிக்க வந்தார்கள். எங்கள் ஊரைப் பற்றி நான் எத்தனையோ குறை சொல்லுவேன், அந்த வரிசையைப் பற்றி மட்டும் ஒரு குறையும் சொல்லமாட்டேன். பேச்சி பகலில் நாலு மணி நேரம் அடுத்த அறையில் சுருண்டு தூங்குவாள், இரவு முழுக்க அவள் முறை.

இருபத்து மூன்றாம் நாள் நான் செய்த தப்பை இதுவரை எழுத்தில் சொன்னதில்லை. மத்தியானம் மூன்று மணி என் முறை. விடியலில் வால்வு திறந்த அலுப்பு, சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினேன், தூங்கிவிட்டேன். எனக்கு முன் முறை அன்னபுஷ்பத்துக்கு. முப்பது வருஷம் குழாயடியில் நின்ற பொம்பளை. மணி மூன்று அடித்தது, எழுந்தாள், வாசலில் இருந்த என் நீலக் குடத்தை எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள், முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். குடம் வைத்தாயிற்று, ஆள் வந்த மாதிரிதானே! பேச்சி அடுத்த அறையில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அரிசி களைய உட்கார்ந்த பிறகுதான் அன்னபுஷ்பத்துக்குப் பொறி தட்டி, அரிசியைத் தெருவில் சிந்திக்கொண்டு ஓடிவந்தாள். நான் திடுக்கிட்டு எழுந்து எதிர்த்திசையிலிருந்து ஓடினேன். இரண்டு பேரும் வாசலில் முட்டிக்கொண்டோம். மணி மூன்றே முக்கால்.

உள்ளே அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். வலதுகை கட்டிலுக்கு வெளியே, யாரோ தாங்கியிருக்கும் உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில் நின்றது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். நான் பிடித்த பிறகுதான் அந்தக் கையின் கனம் எனக்கு வந்தது. உள்ளங்கை ஈரமாக இருந்தது. பித்தளையும் துருவும் கலந்த ஒரு வாடை, காலையில் வால்வு அறையைத் திறந்ததும் என் முகத்தில் அடிக்கிற வாடை, அவன் விரல்களில் இருந்தது. அன்னபுஷ்பம் குடத்தைக் காட்டினாள். வெறும் குடமாக அவள் கொண்டுவந்து வைத்தது. விளிம்பு வரை தண்ணீர் நிறைந்திருந்தது. அந்த வீட்டில் குழாய் கிடையாது.

விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். இனித்தது. இப்போது எங்கள் தொட்டிக்கு வருகிற தண்ணீர் அப்படி இல்லை. ஆதியில் மலையடியிலிருந்து வந்த தண்ணீர் இனிக்கும் என்று என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பேச்சி எழுந்து வந்ததும் மறைக்க மனம் வராமல் எல்லாவற்றையும் சொன்னேன். என்னை அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குடத்தைத்தான் பார்த்தாள். அன்னபுஷ்பம்தான், செய்த தப்பு உறுத்தியதோ என்னவோ, "இனி எதுக்குப் பேச்சி ஒனக்குக் கவல? ஐயாவே வந்து பிடிச்சிக்கிடுதாவ. நீ நல்லா நீட்டிப் படுத்து ஒறங்கு" என்றாள். ஊரிலும் இரண்டு நாள் அந்தப் பேச்சு ஓடியது. சிலர் குடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகக்கூடப் பார்த்தார்கள்.

"செத்தவுக கையில எங்க அவியள ஒப்படைச்சிட்டு நான் ஒறங்கவா மைனி?" என்றாள் பேச்சி. "அந்தக் கை நம்ம பக்கமாப் பிடிக்கோ, அவுக பக்கமா இழுக்கோ, யாருக்குத் தெரியும்?"

அதற்குப் பிறகு அவள் பகல் தூக்கத்தையும் விட்டுவிட்டாள். வரிசைக்கு வந்தவர்கள் பிடிக்கும்போதும் எதிரில் உட்கார்ந்து விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு முன்னால் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்திருக்கையில் என் முதுகுக்குப் பின்னால் குடை ஒன்று மடங்குகிற சத்தம் கேட்கும், திரும்பினால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். எனக்கு மட்டும்தானா என்று விசாரித்தேன். பாதிப் பேர் கேட்டிருந்தார்கள், சொல்லவில்லை. ஓவர்சியர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. கட்டை அவிழ்ப்பதுதான் அவருக்குத் தெரிந்த வேலை, பிடிப்பது அல்ல என்று என் வீட்டுக்காரி சொன்னாள். அன்று முதல் எனக்கு அந்த அறையில் குளிர் எடுத்தது.

முப்பத்தைந்து நாள் தாண்டியதும் ஒரு சத்தம் வரத் தொடங்கியது. மற்றவர்கள் அதைச் சளி என்றார்கள். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். கோடையில் தொட்டி காலியான பிறகும் எங்கள் பெண்கள் ஒரு சொட்டாவது வராதா என்று தண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்போது குழாய் காற்றை இழுத்து ஒரு சத்தம் போடும், உஸ்ஸென்று தொடங்கி உள்ளே எங்கேயோ போய்க் கேவும். சங்கரபாண்டி அந்த மாதிரிதான் மூச்சு விட்டான். கை எலும்பாகிவிட்டது, முதுகில் புண், கண் திறந்தால் மூட முடியவில்லை, மூடினால் திறக்க முடியவில்லை. நாங்கள் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தோம். அவன் நின்றுபோக முடியாமல் கிடந்தான். முப்பத்தெட்டாம் நாள் பொறுக்கமாட்டாமல் பேச்சியிடம் சொன்னேன்.

"ஏ பேச்சி, தொட்டில தண்ணி இல்லாம குழாயத் தூக்கிப் பிடிச்சா ஒரு சத்தம் வருமே..."

"தெரியும் அண்ணாச்சி. எனக்கு நாலஞ்சு நாளைக்கு முந்தியே கேட்டுட்டு."

அவள் குனிந்து அவன் நெற்றியைத் துடைத்தாள். பிடித்த கை பிடித்தபடி இருந்தது.

"நான் கைய எடுத்தா, நான் கொன்னதால்லா ஆவும்?"

எழுந்து ஆபீசுக்குப் போய், பீரோவைத் திறந்து, அந்த நோட்டை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை எடுத்தால் நிற்க வேண்டும். தண்ணீருக்காக எழுதிய மனிதர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எப்போது எடுக்க வேண்டும் என்று அவர் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை, கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டேன்.

நாற்பத்தோராம் நாள் காலை பதினோரு மணிக்கு என் முறை. போனபோது வாசலில் குடங்கள் இல்லை. எல்லாரையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டாளாம். தெரு முழுக்க ஆட்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போகவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் நின்றார்கள். நான் கதவைத் தள்ளிப் பிடித்தேன்.

"உள்ள வர வேண்டாம் அண்ணாச்சி. கதவ மட்டும் பிடிச்சிக்கிடுங்க, அவிய முகத்துல வெளிச்சம் படட்டும்" என்றாள்.

தலை வாரிப் பூ வைத்திருந்தாள். அவனுக்கு முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். ஒரே கையால் அதையெல்லாம் எப்படிச் செய்தாள் என்று தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அவனையே வெகுநேரம் பார்த்தாள். அந்தச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, இடிக்கும் பல்லிக்கும் பயந்த அந்தப் பொம்பளை, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஐந்து விரலையும் விரித்தாள்.

மூச்சு நிற்கவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் விரல்கள் விரிந்து விறைத்து நின்றன, அவள் எதையும் பிடித்திருக்கவில்லை. ஆனால் கை பிரியவில்லை. சுள்ளியாய்க் காய்ந்துபோயிருந்த அவனுடைய ஐந்து விரல்களும் அவள் மணிக்கட்டைச் சுற்றி வளைந்து இறுகியிருந்தன. எந்த நாளில் அவன் பிடிக்கத் தொடங்கினான் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஊரே முறை வைத்து அவனைப் பிடித்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தோம். அந்தப் பொல்லாத சத்தத்தோடு, புண் பொதிந்த முதுகோடு, அவன் அவளைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான்.

பேச்சி அவன் காதருகே குனிந்தாள்.

"விடுங்க. நான் இருந்துக்கிடுவேன்."

அவன் இமைகள் அசைந்தன. முப்பத்தைந்து நாளுக்கு மேல் பேசாத வாய் இரண்டு தடவை திறந்து மூடி, மூன்றாம் தடவை சத்தமாகியது. வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.

"பயமா இல்லியாட்டி ஒனக்கு?"

"இருக்கு" என்றாள். "அது இருந்துட்டுப் போவுது. நீங்க விடுங்க."

அவன் உடனே விடவில்லை. சுண்டுவிரல் முதலில் நெகிழ்ந்தது, பிறகு அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது. ஆட்காட்டி விரலில் வந்து கொஞ்ச நேரம் நின்றது. கடைசியில் பெருவிரலும் விலகியதும் கை தன் கனத்திலேயே மெத்தையில் இறங்கியது. சத்தம் நின்றது.

பேச்சி விடுபட்ட கையை மடியில் வைத்து, அது யாருடையதோ என்பதுபோல் பார்த்தாள். நான் தோள் கடுக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் நாற்பத்தொரு நாளில் முதல் தடவையாக, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அவள் அழுதாள்.